இரும்பு சேர்த்த எடை

கட்டம் போட்ட தாளில் பென்சில் கோடு ஒன்று மேலே ஏறுவதைப் பார்த்து யாராவது துள்ளிக் குதிப்பார்களா? நான் குதித்தேன். சுதந்திரம் வருவதற்கு முந்தைய ஆண்டு அது. தாராவியில் ஒரு டாக்டரம்மா நடத்திய ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்திரண்டு. மாட்டுங்காவிலிருந்து தினமும் நடந்தே போவேன். இரண்டு சந்துகளில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் வாரம் ஒருமுறை போக வேண்டும். தாய்மாரோடு உட்கார்ந்து பேசி, தண்ணீர் காய்ச்சுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் கூடவே செய்து, கடைசியில் குழந்தையை நிறுத்து, எடையைக் கட்டத் தாளில் குறிக்க வேண்டும். பக்கத்து இரண்டு சந்துகளுக்கு யாரும் போக மாட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலும் ஆண்டு முடிவிலும் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பதோடு சரி. வித்தியாசம் தெரிந்தால் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த கமிட்டி, தாராவி முழுக்க ஆள் போட ஒப்புக்கொள்ளும். தெரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எங்கள் சந்துகளின் கோடு ஏறிய வேகத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் கடைசி வீட்டு அக்காவின் பையன்! அக்கா திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்குத் தோல் கிடங்கில் வேலை. முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது முடியுமுன்பே போய்விட்டன. மூன்றாவது இவன், பிறந்தபோது எலிக்குஞ்சு மாதிரி இருந்தான். வாராவாரம் அவன் எடை கூடுவதை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி அப்பாவின் பொறுமையைச் சோதித்தேன்.

கமிட்டி கூடுவதற்கு முதல் நாள், கடைசி எடை. நிலைப்படியில் தராசை மாட்டி, அக்காவின் சேலைத் துணியில் பையனைக் கிடத்தித் தொங்கவிட்டேன். துணியின் மடிப்பு பிரிந்து என் கால்மேல் பொத்தென்று ஏதோ விழுந்தது. பார்த்தால் ஒரு பெரிய இரும்புப் பூட்டு.

அக்கா கொஞ்சமும் பதறவில்லை. "பிள்ளைய நிறுத்தா கண்ணு பட்ரும்லாம்மா. அதாம் இரும்பு வச்சுத் தச்சிருக்கு. எல்லா வீட்லயும் வச்சிருக்கோம்."

"போன மாசமும் இந்தப் பூட்டுதானா?"

"இல்லம்மா, அது சின்னது. பிள்ள தெளிஞ்சு வாரான்லா, அதுக்குத் தக்கன இரும்பும் வேண்டாமா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் துள்ளிக் குதித்த கோட்டில் குழந்தை எவ்வளவு, இரும்பு எவ்வளவு? என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எழுதுனத அப்படியே விட்ருங்களேன். உங்க வேல போயிரப்பிடாதுல்லா." விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. ஆனால் ஓட்டமாக ஓடி டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "கமிட்டி நாளைக்கு மூணு மணிக்கு. அதுக்குள்ள எல்லாக் குழந்தையையும் மறுபடி நிறுத்தாகணும், இரும்பு இல்லாம."

மறுநாள் காலை முதல் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் பூட்டைத் தனியாக நிறுத்துக் கழிக்கிறேன் என்று கெஞ்சினேன். துணியைப் பிரிக்கவே விடவில்லை. பத்து மணி ஆகிவிட்டது, ஒரு எடையும் இல்லை. தராசோடு சந்தின் நடுவில் நின்றேன். அப்போது கடைசி வீட்டு அக்கா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அந்தச் சேலைத் துணியோடு வந்தாள். எல்லோரும் பார்க்க, மறுபடி தைத்து வைத்திருந்த மடிப்பைப் பிரித்துப் பூட்டை எடுத்தாள். பையனின் அரைஞாணில் கோத்திருந்த சாவியையும் கழற்றினாள். இரண்டையும் தரையில் வைத்தாள்.

"இந்தம்மா கண்ணு நம்ம பிள்ளயளுக்குப் படாதுளா. எடுங்க எல்லாரும்."

அப்புறம் ஓட்டம்தான். கதவுகள் திறந்தன, பூட்டு, லாடம், பாக்குவெட்டி என்று வாசலுக்கு வாசல் இரும்பு குவிந்தது. நான் நிறுக்க நிறுக்க டாக்டரம்மாவே வந்து பக்கத்தில் நின்று எழுதினார். புதுக் கோடு பழையதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனாலும் பக்கத்துச் சந்துகளின் கோட்டுக்கு மேலேதான் நின்றது! மூன்று மணிக்குக் கமிட்டி அதைப் பார்த்துவிட்டு, தாராவி முழுக்க ஆள் போடச் சம்மதித்தது.

அன்று கமிட்டியில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஒரு வருஷம் வீடு வீடாகப் போய் வந்தாயே, எடையைத் தவிர வேறென்ன கண்டாய்?" கஞ்சி, காய்ச்சிய தண்ணீர் என்று ஏதோ சொல்லி வைத்தேன். இன்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், மூன்றாவதை வெறும் மேனியாக என் கையில் கொடுத்தாள்.