சீக்கிரம் போட்ட தட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பெயர்கள் மறந்துபோகின்றன. முந்தி நடந்ததும் பிந்தி நடந்ததும் கலந்துவிடுகிறது. நான் தாளில் கிறுக்குவதை என் மருமகள் கவிதாதான் டைப் பண்ணி அனுப்புகிறாள். அப்படியும் வாராவாரம் வாசிக்கிறீர்கள்... உங்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

துபாயில் ஒரு இங்கிலாந்துக்காரர் வீட்டில் நான் சமையல் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பெயர்.

சார் 'சப்பர்' என்பார். விருந்தாளி வந்தால் அதுவே 'டின்னர்'. மேடமும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஊரிலிருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும், "டீ ஆச்சா, மம்?" என்பார். கப்பில் குடிக்கிற டீ இல்லை. கறியும் உருளைக்கிழங்குமாக முழுச் சாப்பாடு! மேடம் பிறந்தது இங்கிலாந்தில் வடக்கே, மில் ஓடிய ஊராம். வேலை முடிந்து வந்தவர்கள் ஆறு மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் டீ. சார் வளர்ந்தது பெரிய இடம். அங்கே அந்தச் சொல் கிடையாது.

இதை அந்த வீட்டு டிரைவர் முருகேசனிடம் சொன்னேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன்.

"என்ன பெரியம்மா, வெள்ளைக்காரய்ங்களுக்குள்ளயுமா மேல கீழ இருக்கு?"

"ஏன், அவுக மட்டும் ஆகாசத்துலருந்தா குதிச்சாக?"

நம்மிடம் இல்லையா என்ன? ஊரில் எனக்கு அது 'ராச்சோறு'. பக்கத்து டவுனில் 'டிபன்'. இங்கே துபாயில், கராமா பக்கம் மகனும் கவிதாவும் நானும் இருக்கும் ஃப்ளாட்டில் 'டின்னர்'. சாப்பிட வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, நாம் எந்தத் தெரு என்று அந்தச் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

போன வாரம் மேடத்தின் அம்மா முதல்முறையாக துபாய் வந்தார். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்து ரிட்டையர் ஆனவர். வந்த அன்றே கிச்சனுக்குள் வந்து உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார். என்னை 'லவ்' என்று கூப்பிடுவார். அவர்கள் பக்கம் எல்லாரையும் அப்படித்தானாம். முருகேசன் விடுவானா?

"இந்த வயசுல லவ்வா, பெரியம்மா?"

கரண்டியைக் காட்டினேன். ஓடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு சாரின் முதலாளியும் அவர் மனைவியும் இன்னும் சிலரும் டின்னருக்கு வருவதாக ஏற்பாடு. மத்தியானம் மேடம் கிச்சனுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மம்முக்கு மட்டும் ஆறு மணிக்கே இங்கே கொடுத்துடுங்க. அவங்களுக்கு அதுதான் பழக்கம்."

பொய்யில்லை. பழக்கம்தான். ஆனால் முந்தின ராத்திரி நேரமாகியும் காத்திருந்து அவர்களோடுதானே அந்தம்மா சாப்பிட்டார்?

கேட்கிற ஆளா நான்?

ஆறு மணிக்குத் தட்டை வைத்தேன். அந்தம்மா நீலக் கவுன் போட்டு, முத்துமாலை போட்டு, உதட்டில் லேசாகச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். ஒற்றைத் தட்டைப் பார்த்தார். ஹாலில் துணி விரித்திருந்த பெரிய மேஜையைப் பார்த்தார்.

"எனக்கு இங்கேயா, லவ்?"

நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

"பசியில்லை. அப்புறம் சாப்பிடறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, முத்துமாலையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தட்டை மூடி வைத்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஹாலில் ஒரே சிரிப்பு. கோழி டிரேயை எடுக்க மேடம் உள்ளே வந்தார். மூடியிருந்த தட்டைத் திறந்தார். எல்லாம் அப்படியே இருந்தது. அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

"ஏன் சாப்பிடலை, மம்?"

"தனியா உட்கார்ந்தா எனக்கு இறங்காதே. உனக்குத் தெரியாதா? நீ போ, ஆளுங்க காத்திருக்காங்க."

மேடம் போகவில்லை. டிரேயை என் கையில் கொடுத்தார். அந்தத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய், மேஜையில் தன் தட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தார். அங்கே நின்றபடியே, போனில் பேசும் அந்த ஊர்க் குரலில், எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டார்.

"மம்! டீ ரெடி! ஆறிடப்போகுது, வா!"

முதலாளியின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். சார் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. கிச்சனில் அந்தம்மா மாலையைத் தேடி எடுத்தார். கொக்கி மாட்ட அவர் கையும் போதவில்லை, என் கையும் சேர வேண்டியிருந்தது.

நினைத்துப் பார்க்கிறேன்... வயதானவர்களைச் சீக்கிரம் சாப்பிட வைப்பது அக்கறைதான். ஆனால் சில நாட்களில் அந்த அக்கறைக்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. போடுகிறவருக்கே அது தெரியாது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதியதில் தப்பு இருக்கலாம். இங்கிலாந்தில் எந்தப் பக்கம் 'டீ', எந்தப் பக்கம் 'சப்பர்'? மில் ஊர் என்றேனே, அது சரியா? மேடத்திடம் கேட்கக் கூச்சம். கவிதா, டைப் பண்ணும்போது கொஞ்சம் நெட்டில் பார்த்துத் திருத்திவிடம்மா.

அப்புறம் கவிதா... எனக்கு லீவான நாளில் நம் வீட்டுக்கு ஆள் வரும்போதெல்லாம், "அத்தை, மாத்திரை போடணும், ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துருங்க" என்பாய். அன்பாகத்தான் சொல்கிறாய். சனிக்கிழமை உன் ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள் இல்லையா?

அன்றைக்கு ஏழு மணிக்கு எனக்குப் பசிக்காது.