சுவரோர நாற்காலி

ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். 1980-களின் தொடக்கத்தில், படி இறங்கினாலே முட்டிச்சில்லுக்கு அடியில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண், கணுக்காலில் மணல் பை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை மெதுவாக நீட்டி மடக்கச் சொன்னாள்.

“தொடைக்கு பலம் வந்தா வலி குறைஞ்சிடும்க்கா. அதுவரைக்கும் முட்டி போடாதீங்க.”

“கோயில்ல?”

“கோயில்லயும்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், சுவரோரம் கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்ததும் தரையில் இருந்த அத்தனை பேரும் முழந்தாளிட்டார்கள். நான் மட்டும் எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்தேன். உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. செபம் வரவில்லை, இருப்புக்கொள்ளாமல் சேலைக்குள் காலை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவே அஞ்சும் வாய்க்காரி லூர்து அக்கா, திரும்பித் திரும்பிப் பார்த்தார். இன்று மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் நழுவப் பார்த்தேன். வாசலில் கையைப் பிடித்துவிட்டார்.

“நீ பாட்டுக்கு உக்காந்துட்டியேடி!”

“முட்டி வலிக்குதுக்கா. ஆஸ்பத்திரியில பிசியோதெரபி பொண்ணு முட்டி போடக் கூடாதுன்னுச்சு.”

அவர் குரல் இறங்கியது. “எனக்கும் ரெண்டு முட்டியும் உயிர் போவுது. உக்காந்தா ஊரு என்ன சொல்லுமோன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?”

அப்போதுதான் புரிந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாற்காலியை என்று.

அடுத்த ஞாயிறு அதில் அவரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், தன் வீட்டிலிருந்து தூக்கிவந்த இன்னொரு நாற்காலியை எனக்காகப் போட்டிருந்தார். மணி அடித்தது. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். இந்த முறை சேலைக்குள் என் கால் அசையாமல் இருந்தது.