வெறுங்கையோடு போன பகல்

காய்ந்த வடகத்தைத் துணியிலிருந்து உரித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, என்னைக் கண்டதும் அந்தத் துணியை மார்போடு அணைத்தபடி எழுந்து நின்றது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. "யாருக்கு என்னாங்க ஆச்சு?" என்றார். அதே நொடியில் நான், "எம் பொண்ணு எங்கங்க?" என்று கேட்டேன்.

மகளுக்குத் தை மாதம் திருமணம் முடிந்தது. மருமகனின் ஊர் திட்டக்குடி. பள்ளிக் காலத்தைப் போலவே கோடை விடுமுறை முழுக்க அவள் எங்களோடு விருத்தாசலத்தில் இருப்பாள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். போனில் கேட்டபோது, "மே மாசம் வரலம்மா, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலையிலிருந்து அவள் போன் கிடைக்கவே இல்லை. சில நாள் முன்புதான் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கல்யாணமான சில மாதங்களிலேயே பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். அவளும் பெற்றவளிடம் "அப்புறம் சொல்றேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பீங்கான் கம்பெனியில் மேற்பார்வையில் நின்றிருந்த நான், சேலையில் வெள்ளை மண் அப்பியிருக்க அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்றை மறந்துபோனேன். சம்பந்தி வீட்டுக்குப் பூவோ பழமோ இல்லாமல் யாரும் போவதில்லை. முன்கூட்டிச் சொல்லாமல், உச்சி வெயிலில், வெறுங்கையோடு வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான். சாவுச் செய்தி.

சத்தம் கேட்டு மகள் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். "ஒம் போன் கெடைக்கலன்னுதான்டி ஓடியாந்தேன்" என்றேன். அப்போதுதான் சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வந்தது. "ஒரு சீப்பு வாழப்பழம்கூடவா பஸ் ஸ்டாண்டுல கெடைக்கல? எங்க அண்ணன் போயிட்டாருன்னே நெனச்சிட்டேன்" என்றார். என் கணவரைத்தான் சொன்னார்.

"நல்லா திட்டுங்க அத்தை" என்று மகள் சிரித்தாள். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. "அவருக்கு மே மாசந்தாம்மா லீவு. ஏற்காடு போறோம். திரும்பி வந்து மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கணும். நீ மூஞ்சத் தூக்கிக்குவன்னுதான் சொல்லல."

அவள் பேசப் பேச அவள் முகத்தை, கழுத்தை, கைகளைத் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடிய எதுவும் கிடைக்கவில்லை. அவள் மெலியக்கூட இல்லை.

இப்போது அவர்கள் ஏற்காட்டில் இருக்கிறார்கள். நான் உட்கார முடியாமல் அறைக்கு அறை நடக்கிறேன். பயந்ததுபோல் ஒன்றும் இல்லையே, பிறகென்ன தவிப்பு என்று அவளுடைய அப்பா கேட்கிறார். அன்று சமையலறை வாசலில் நின்று அவள் திரும்பிப் பார்த்ததுதான் நினைவுக்கு வருகிறது. "டீயா, காபியாம்மா?" என்றாள். நான் காபி தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியாதா?

"எதுவானாலும் சரிம்மா" என்றேன், விருந்தாளியைப் போல.