பாப்பாவின் கை

ஒன்றரை வயதுப் பேத்திக்கு என் மருமகள் ஒரு தட்டில் ஈரமண், வேப்பிலை, கூழாங்கல் எல்லாம் பரப்பி வைக்கிறாள். “தொட்டுப் பாத்தாத்தான், மாமா, மூளை வளரும்” என்கிறாள். போனில் பார்த்தாளாம். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏனென்று அவளிடம் சொன்னதில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, மொரப்பூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் புழுவுக்கு மல்பெரித் தழை பறிக்கப் போனால், இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முறத்தில் புளியங்கொட்டை, குருவி இறகு, ஈரமண் எல்லாம் வைத்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒருநாள் ஊரிலிருந்து வந்திருந்த என் தாய்மாமா, மடியிலிருந்து புகையிலைத் துண்டை எடுத்து முறத்தில் போட்டார். “இதையும் மோந்து பாக்கட்டும்டா. நாளைக்கி எங்கூட வெத்தலைக்கு உக்கார ஆளு வேணுமில்ல.” பாப்பா அதைக் கசக்கி, ஐந்தாறு முறை தும்மினாள். மாமா சிரித்துக்கொண்டே ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்து அவளுக்குப் புழுவைக் காட்ட நினைத்தேன். கை கால் கழுவாமல் புழு அறைக்குள் யாரும் போகக்கூடாது. நான் கழுவிக்கொண்டேன். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதானே போகிறேன் என்று அவள் கையைக் கழுவவில்லை. கைக்கு எட்டிய நான்கு புழுத் தட்டுகளில் தழையை அவளே தூவினாள். புழுக்களைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் அந்த நான்கு தட்டுப் புழுக்களும் தலையைத் தூக்கி, பச்சையாகக் கக்கிச் செத்துக் கிடந்தன. கூடு கட்ட நான்கு நாள்தான் இருந்தது. மற்ற தட்டுகளில் இருந்தவை சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புகையிலை புழுவுக்கு விஷமென்று பின்னாளில்தான் படித்தேன்.

“யாருடா உள்ள போனது?” என்றார் அப்பா.

“பாப்பாதாம்ப்பா. நான் பாக்கறதுக்குள்ள போயிட்டா.”

மறுத்துச் சொல்லுமளவுக்கு அவளுக்கு இன்னும் பேச்சு வந்திருக்கவில்லை. அம்மா பழைய சேலையைக் கிழித்து அவள் காலைக் கட்டில் காலோடு கட்டினாள். மீதிப் புழுக்கள் கூடு கட்டி முடிக்கும்வரை அப்படித்தான் இருந்தாள். முதல் இரண்டு நாள் என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அவிழ்த்துவிட்ட அன்று அவள் எழுந்து ஓடவில்லை. சேலைத் துணி எட்டும் தூரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முறத்தைக் கொண்டுபோய் வைத்தேன். எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“புள்ள அடங்கிட்டா” என்றாள் அம்மா.

பாப்பா சமர்த்தாகிவிட்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.