கீழ்மாடிக் கூடமும் என் கடிதமும்

அந்தப் புகார்க் கடிதத்தை எழுதியவன் நான்தான்.

பிள்ளைகளே, நம் பிளாட்டின் கீழ்மாடிக் கூடத்தில் ஞாயிறுதோறும் ஸ்டெல்லா ஆன்டியும் இன்னும் சில குடும்பங்களும் கூடி ஜெபித்துப் பாடுவார்களே... அது நின்றுபோனது என் கடிதத்தால். அதில் நான் பெயர் போடவில்லை.

இரவு முழுக்கப் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிவிட்டு வருகிறேன், பாட்டுச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று எழுதினேன். பொய். லோரி எஞ்சின் ஓடும்போதே தூங்கக்கூடியவன் நான்.

கவிதா, நீ சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டே அவர்களுடைய பாட்டை முணுமுணுத்தாய். அதுதான் காரணம். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் ஒரு பாட்டு... அதற்கா பயந்தேன்? என் சாமியை நான் அவ்வளவுதான் நம்பினேனா?

நகராண்மைக் கழகத்துக்கு எழுதுவதென்றால் யாராக இருந்தாலும் மலாயில்தான் எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். பிளாட் செயற்குழு கூடத்தைப் பூட்டிவிட்டு, கடிதத்தின் நகலைப் பலகையில் ஒட்டியது. ஆனாலும் மலாய்க் கடிதத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள்... மூன்றாம் மாடி மலாய்க்கார மாமா, ஹமீட் பாக்சிக். பக்கத்துச் சுராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், பாங்கு சொல்பவர்.

கீழே ஒட்டுக்கடையில் கோப்பி குடிக்கும்போது அவர் காதுபடவே ஒருவர் சொன்னார்.

"நாம என்னைக்காவது பாங்கு சத்தத்தப் பத்திப் பேசியிருக்கோமா? இவரு செஞ்ச வேலையப் பாத்தியா லா."

ரப்பர்த் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த பாக்சிக்குக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பாதிக் கோப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆறு மாதம் வாய் திறக்கவில்லை நான்.

பிறகு ஸ்டெல்லா ஆன்டியின் கணவர் இறந்தார். அன்று மின்தூக்கி வேலை செய்யவில்லை. சுராவிலிருந்து நாற்காலிகளைச் சுமந்து வந்து, ஐந்து மாடி ஏற்றியவர் பாக்சிக். யாரும் அவரிடம் பேசவில்லை. அவர் ஏறிக்கொண்டே இருந்தார்...

அடக்கம் முடிந்த மறுவாரம் ஆன்டியிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா தம்பி? நட, பாக்சிக் வீட்டுக்குப் போவோம்."

போனோம். ஆன்டிதான் முதலில் பேசினார். "நாங்க உங்களச் சந்தேகப்பட்டோம் பாக்சிக். அது எங்க தப்பு." ஆன்டிக்கு நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. நான் வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன்.

பாக்சிக் சத்தம் போடவில்லை. "யாரோ எழுதினான்னு விட்டுருப்பேன். நீ என் பக்கத்துல உக்காந்து கோப்பி குடிச்சவன்," என்றார்.

கூடத்தைத் திறக்கச் சொல்லிப் புதிய மனு எழுதினேன், என் பெயரோடு. பாக்சிக்கும் கையெழுத்துப் போட்டார். போன ஞாயிறு முதல் மறுபடி பாடுகிறார்கள். கவிதா, நீயும் தாராளமாகப் பாடு.

இந்த ஹரி ராயாப் பெருநாளுக்குப் பாக்சிக் உங்களையும் அம்மாவையும் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். ஆன்டி வீட்டாரும் வருகிறார்கள். அப்பா ஏன் வரவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள்...

அவர் என்னை அழைக்கவில்லை. நீங்கள் போய் வாருங்கள். நான் கீழே லோரியைக் கழுவிக்கொண்டிருப்பேன்.