மரகதம் அக்காவுக்கு நான் கொடுக்காத ஷூ

1. கட்டுப் போட்ட கால்

கடை திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஏப்ரல் மாதக் கடைசி. வலது பாதத்தில் கட்டோடு ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடி ஏறி வந்தார். பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். முன்பக்கம் மூடி, மேலெல்லாம் ஓட்டை போட்ட, எடையே இல்லாத ரப்பர் செருப்பு. பத்து நாளுக்கு முன்னால் அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

கோவை காந்திபுரத்தில் இருக்கும் இந்த விளையாட்டுப் பொருள் கடையில், காலணிப் பிரிவில் எனக்கு அப்போது இருபதாவது வருடம். நடந்து வருகிறவரின் காலைப் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வந்தவர் பெயர் நடராஜன். அவிநாசியில் சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். குடும்பத்தோடு ஆற்றில் இறங்கியிருக்கிறார். குதிகாலைப் பிடிக்க எதுவும் இல்லாததால் செருப்பு தண்ணீர் இழுப்பில் காலை விட்டுக் கழன்றிருக்கிறது. அடுத்த அடி கூர்மையான பாறை விளிம்பில். நாலு தையல்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தண்ணிக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லித்தானுங்க கேட்டேன். நீங்க குடுத்ததத்தானுங்க போட்டுட்டுப் போனேன்" என்றார்.

உண்மைதான். தண்ணீர் என்று அவர் சொன்னதும் நீச்சல் குளம் என்று நானே நினைத்துக்கொண்டேன். எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அப்படியே அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தையல் ஆறியதும், மே கடைசியில், குடும்பத்தில் பன்னிரண்டு பேர் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் போகிறார்களாம். கரையை ஒட்டி ஆற்றுக்குள் நடப்பதும் உண்டாம். பன்னிரண்டு பேருக்கும் நான்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். பத்து நாள் நேரம் கேட்டேன்.

2. நாலு ஜோடியும் ஒரு வெறுங்காலும்

எங்கள் கீழ் ரேக்கில் பேர்ஃபுட் ஷூ என்று ஒரு ரகம் தூங்கிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு நடப்பதுபோல இருக்க வேண்டும் என்று செய்வது. சோல் தோசை மாதிரி மெல்லிசு. ஹீல் உயரம் கிடையாது. முன்பக்கம் அகலம். வாத்துக் கால் மாதிரி இருக்கிறது என்று கஸ்டமர்கள் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். தண்ணீருக்கு நல்லது என்று அந்த ஷூ கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதை நம்பி இன்னொரு காலைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலாளி சிவசாமியிடம் போய், நாலு ரகம் ஷூவை ஆற்றுக்கு எடுத்துப் போய் நானே போட்டு நடந்து பார்க்க வேண்டும் என்றேன். ஒருமுறை நனைந்த ஷூ திரும்ப ரேக்குக்கு வராது. அவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தயாராக இருங்கள், நானும் வருகிறேன் என்றார்.

காரமடை தாண்டி, பவானியில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஒரு இடம். அணையில் தண்ணீர் திறக்கும் நாளா என்று அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன்.

முதலில் ஓடுவதற்கான ஷூ. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகவில்லை. காலுக்கு ஒரு குடம் கட்டிவிட்டதுபோல இரண்டு காலும் கனத்தது. அடுத்தது, வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்த சாண்டல். மணல் புகுந்ததும் பட்டி பிடிப்பை விட்டது, பாதத்துக்கு அடியில் கூழாங்கல் சேர்ந்தது. மூன்றாவது, நடராஜனுக்குக் கொடுத்த அதே ரகம். நாலாவது அடியில் கழன்று மிதந்து போனது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நான் அதன் பின்னால் போனதைக் கரையில் இருந்தவர்கள் நன்றாக ரசித்தார்கள்.

கடைசியாக பேர்ஃபுட் ஷூ. முதல் பத்து அடி வலித்தது. ஒவ்வொரு கல்லின் மேடும் காலில் தெரிந்தது. ஆனால் அந்தத் தெரிதல்தான் விஷயம் என்று மெல்லப் புரிந்தது. கல் ஆடுகிறதா, வழுக்குகிறதா என்று உடம்பின் எடையை வைப்பதற்கு முன்பே பாதம் சொல்லிவிடுகிறது. கரை ஏறி நின்றதும் ஷூவின் வலைத்துணி வழியாகத் தண்ணீர் வடிந்துவிட்டது.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஒரு பாசிப் பாறைமேல் நின்றிருந்தார். அவர் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக விரிந்து கல்லைப் பிடித்திருந்தன. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். கூர் முனைச் செருப்பு போட்டே வந்த கால். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. அந்த வாத்துக் கால் அகலம் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் மணலிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். உடைந்த பாட்டிலின் அடிப்பாகம்.

"இது இல்லீன்னா செருப்பே வேண்டீதில்ல அம்மணி. இது இருக்கறதுனாலதான் நம்ம கடை இருக்குது" என்றார்.

அன்று நோட்டில் எழுதியதை இன்றும் வைத்திருக்கிறேன். குதிகாலைப் பட்டியோ துணியோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல்களுக்கு அகலம் வேண்டும், ஆனால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கக் கூடாது, நனைந்தால் இன்னும் தளரும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் உடனே வடிய வேண்டும். பாறையும் கண்ணாடித் துண்டும் இருக்கும் ஆற்றுக்கு விரல் மூடிய ஷூ. சோலைக் கையால் சுருட்ட முடிய வேண்டும், வழுக்காமல் பிடிக்க அதன் அடியில் மெல்லிய வெட்டுகள் வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வாரமாவது வீட்டுக்குள் போட்டு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

3. பன்னிரண்டாவது ஆள்

சொன்னபடி பத்து நாள் கழித்து, தையல் பிரித்திருந்த நடராஜனையும் சேர்த்து இரண்டு காரில் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். ஒவ்வொருவரையும் காகிதத்தில் நிற்க வைத்துப் பாத அளவு வரைந்தேன். ஈரத் தரையில் நடக்கவிட்டேன். மூன்று மணி நேரத்தில் பதினொரு பேருக்கு முடிந்தது.

கடைசியாக நடராஜனின் அக்கா மரகதம். வெள்ளகோவிலில் எண்ணெய்ச் செக்கு நடத்துகிறார். ஐம்பத்தெட்டு வயது. படகு ஓட்ட வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டதே அவர்தானாம். ஷூவைப் போட்டுக்கொண்டு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டுமுறை நடந்தார். மெத்தென்று இருக்கிறது, பேக் பண்ணிவிடு என்றார்.

ஷூவைக் கழற்றி வாங்கினேன். இடது ஷூவுக்குள், விரல்களுக்குக் கீழே பாதம் ஊன்றும் இடத்தில், ஒரு சிலிக்கா பொட்டலம் கிடந்தது. புது ஷூவில் ஈரம் உறிஞ்ச வைப்பது. எடுக்காமல் விட்டது என் கவனக்குறைவு. ஆனால் அப்படி ஒன்று ஷூவுக்குள் இருந்தால் யாருக்கும் முதல் அடியிலேயே உறுத்தும். இவர் கடைக்குள் இரண்டுமுறை நடந்து வந்திருக்கிறார்.

"அக்கா, நடக்கறப்ப இது தெரியலீங்களா?" என்று கேட்டேன்.

"எது கண்ணு?" என்றார். பொட்டலத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். பதினொரு வருடமாக இருக்கிறதாம். கால் மரத்தமாதிரி இருப்பதும் உண்டாம், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாராம்.

இந்த ஷூவை அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். இதன் நன்மையெல்லாம் கல்லை உணர்கிற காலுக்கு. உணராத காலுக்கு இது வெறும் மெல்லிய ரப்பர், குத்தினாலும் தெரியாது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். நடராஜன் தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். நடந்ததைச் சொன்னேன். அவர் ஷூவை வாங்கி, பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவிய குடுக்க மாட்டேன்னு சொன்னா நானும் குடுக்க மாட்டேனுங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

மரகதம் அக்கா போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனார்.

4. பிறகு

அந்த வாரம் முழுக்க, அவசரப்பட்டு ஒருவரை எல்லோர் முன்னாலும் நோகடித்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டாம் நாள் மரகதம் அக்கா தனியாக வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக் காட்டினார். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே சின்னக் கட்டு. டாக்டர் சோதித்ததில் இரண்டு முன்பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கிறது. விரல் இடுக்கில் ஒரு புண், அது இருப்பதே இவருக்குத் தெரியாது. சரியான நேரத்தில் பார்த்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம்.

"அன்னிக்கு நீ அதக் குடுத்திருந்தா நான் போட்டுக்கிட்டு ஆத்துல எறங்கியிருப்பேன் கண்ணு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றார்.

அவருக்காகக் குடும்பமே பயணத்தை மூன்று வாரம் தள்ளிப் போட்டது. புண் ஆறியது. ஆற்றுக்குள் நடக்கக் கூடாது, படகில் போகலாம், கால் எதிலும் உரசாத ஷூ வேண்டும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். கெட்டியான சோல், உள்ளே தையல் மேடு இல்லாத மூடிய ஷூ ஒன்றை அவருக்காகத் தேடி வரவழைத்தேன். ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலை முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஷூவுக்குள் கையை விட்டு நாலுமுறை தடவிப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

நடராஜன் போனில் சொன்னார்: பதினொரு பேர் ஆற்றில் நடந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தையல் போட்டு ஆறிய காலோடு அவரும் அதே பாறைகளைத் தாண்டியிருக்கிறார். கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, தலைக்கு மேலே தூக்கிய துடுப்பு, வாய் நிறையச் சிரிப்போடு மரகதம் அக்கா. முதலாளி அதைக் கடையில் இருந்த எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். நானும் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய் ஒவ்வொருவரும் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கோடை வந்தால் பொள்ளாச்சி, ஈரோட்டிலிருந்தெல்லாம் ஆற்றுக்குப் போகிறவர்கள் எங்கள் பிரிவைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அளவெடுப்பதை நான் ஒரு வாரத்தில் பழக்கிவிடுகிறேன். கஸ்டமரிடம் இது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லப் பழகத்தான் நாளாகிறது. அப்படிச் சொல்ல வேண்டிய இடத்தில் புதியவர்கள் தயங்கி என் பக்கம் திரும்பும்போது நான் பதில் சொல்வதில்லை. எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். மீதியைக் கஸ்டமரிடம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.