மாடி வீட்டுக் கால் பாட்டில்

கோபம் வந்தால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்பாள் என் மனைவி. கோபம் வராதபோதும் அப்படித்தான் இருக்கிறது என்பது தெருக்காரர்களின் அபிப்பிராயம். இருந்துவிட்டுப் போகட்டும். நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டினாற்போல் என் கடை. சோப்பு, சலவைத் தூள், தரை துடைக்கும் திரவம், பல்பு, துடைப்பம், கொஞ்சம் மளிகை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும்வரை நிற்கிறவன் நான். கால் கடுக்கிறவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அதிலும் மூன்றாவது மாடிக்கு அந்த மகராசி குடிவந்த பிறகு, இருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பும் போய்விட்டது.

வந்த மறுநாளே கையில் ஒரு காலி பாட்டிலோடு கடைக்கு வந்து நின்றாள். நன்றாகக் கழுவிக் காயவைத்த பாட்டில்.

"அண்ணே, இதுல தரை தொடைக்கிற மருந்து கால் பாட்டில் ஊத்திக் குடுங்க."

"சில்லறையா ஊத்தறதில்லம்மா. முழு பாட்டிலா வாங்கிக்க."

"உள்ள அந்த நீல ட்ரம்முல இருந்துதானே அண்ணே நீங்களே பாட்டில்ல ஊத்தி அடுக்கறீங்க? இப்பதான் பாத்தேன். என்கிட்ட பாட்டில் இருக்கு, மருந்து மட்டும் போதும். அதுவும் கால் பாட்டில் போதும், எங்க வீட்ல தரையே அவ்ளோதான்."

பார்த்துவிட்டாளே! முணுமுணுத்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தேன். போகட்டும், புதுசு என்று விட்டதுதான் தப்பு. அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். எரிச்சலில் நான் அவளுக்குக் 'கால் பாட்டில்' என்று பெயர் வைத்தேன். அது தெரு முழுக்கப் பரவி, கடைசியில் அவள் காதுக்கும் போயிற்று. சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தால், படியில் இறங்கும்போதே "அண்ணே, கால் பாட்டில் வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்புகளை மலைமலையாக வெளுக்கிற இடம். புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். நான்கு பேருக்கும் மெதுவாகப் பேச வராது. அதனால் அவர்கள் வீட்டுச் சிக்கனம் எல்லாம் படிக்கட்டு வழியாக என் கடைக்கே கேட்கும். யார் குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தது, யார் மூடி போடாமல் அடுப்பில் பாத்திரத்தை வைத்தது என்று ஒரே விசாரணை, ஒரே சிரிப்பு. மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி இவர்கள் சிக்கனம் செய்தார்கள். பற்பசை டியூபைக் கத்தரியால் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வைத்து யார் அதிக நாள் ஓட்டுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குள் போட்டி வேறு.

தன் வீட்டோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு என்ன வந்தது? ஊருக்கே சொல்லிக் கொடுத்தாள். சலவைத் தூள் பாக்கெட்டோடு வரும் கரண்டியைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"இதுல பாதி போதும் டீச்சரம்மா. மிச்சப் பாதி துணியிலயே ஒட்டிக்கிட்டு, அத அலசறதுக்கு இன்னொரு வாட்டி தண்ணி, இன்னொரு வாட்டி கரண்ட்" என்று இரண்டாவது மாடி டீச்சரம்மாவுக்கு என் கடை வாசலில் நின்றே பாடம் எடுத்தாள். அன்றிலிருந்து டீச்சரம்மா வாங்கும் தூள் பாதியாயிற்று. பாத்திரம் தேய்க்கும் பஞ்சை இரண்டாக வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாள். எதிர் வரிசை பைக் மெக்கானிக் வீட்டில் வெட்டினார்கள், அவர்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் வெட்டினார்கள். பஞ்சை வெட்டினார்களா, என் வயிற்றை வெட்டினார்களா!

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் என் வீட்டுக் குளியலறையில் கை கழுவப் போனால், குழாயில் ஒரு காலுறை தொங்குகிறது. உள்ளே தேய்ந்த சோப்புத் துண்டுகள். நனைத்துத் தேய்த்தால் நுரை வருகிறது. உற்றுப் பார்த்தால் அது என் காலுறை.

"ஏண்டி, என்ன இது?"

"சோப்புத் துண்டு. தூக்கிப் போடாம சேத்து வச்சிருக்கேன். மாடி வீட்டுக்காரி சொன்னா."

"நாம சோப்புக் கடை வச்சிருக்கோம்டி!"

"கடை சோப்பு கடைக்கு, வீட்டு சோப்பு வீட்டுக்கு" என்றாள் என் தர்மபத்தினி. "அவங்க போன லீவுல கடலப் பாத்துட்டு வந்தாங்க, தெரியுமில்ல? நாம எங்க போயிருக்கோம்?"

அதுதான் விஷயம். வருஷம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துவிட்டு, நீண்ட விடுமுறை வந்ததும் அந்தக் குடும்பம் ரயில் ஏறிவிடும். அங்கே போய்ச் சிக்கனமா? மூச்! கடல் தெரிகிற அறை, வயிறு முட்டச் சாப்பாடு, பிள்ளைகள் கேட்டதெல்லாம் உண்டு. திரும்பி வந்ததும் கதை சொல்ல முதலில் என் கடைக்குத்தான் வருவாள்.

"காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் மேசை நிறைய அடுக்கி வச்சிருந்தாங்கண்ணே! ஒண்ணு விடாம ஒரு கை பாத்துட்டோம்."

"எல்லாம் என் சோப்புக் காசுல" என்றேன் கடுப்பாக.

"ஆமாண்ணே, உங்க புண்ணியத்துல!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிப்பட்டவளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

போகிறபோது எப்போதும் ஒரு கோரிக்கை வைப்பாள்.

"அந்தக் காலி நீல ட்ரம் ஒண்ணு குடுங்களேன். துணி மிஷின்ல கடைசியா அலசற தண்ணி நல்லாத்தான் இருக்கு, சும்மா சாக்கடைக்குப் போகுது. பிடிச்சு வச்சா மாடிப்படி பூரா கழுவிடுவேன்."

"அதெல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்மா."

சுத்தப் பொய். கடைக்குப் பின்னால் இரண்டு ட்ரம் ஒட்டடை பிடித்துக் கிடந்தன. அவளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

இப்படி இருக்கும்போதுதான் எதிரே சூப்பர் மார்க்கெட் வந்தது. ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே ஜில்லென்று காற்று, பாட்டு, பலூன், தள்ளுவண்டி. வாசலில் ஒரு பெண் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சிரிக்கிறாள், அதற்குச் சம்பளமாம். திறந்த அன்று தெருவே அங்கேதான் இருந்தது. நான் என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. கட்டட வாடகை நிற்காது. மாதக் கணக்கில் இப்படியே போனால் ஷட்டரை ஒரேயடியாக இறக்கிவிட வேண்டியதுதான். மனைவி டீயை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மூன்றாம் மாடிக்காரி துணிப் பையோடு தெருவைக் கடந்து அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போனாள். அடிப்பாவி, நீயுமா! மற்றவர்கள் போனபோது கோபம்தான் வந்தது. இவள் போனபோது மனசு நொறுங்கிவிட்டது. வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள். பை போனபடியே தட்டையாக இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறிவிட்டாள். கூப்பிட்டுக் கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை.

அந்த மாதம் முழுக்கத் தெருக்காரர்கள் வீங்கிய பைகளோடு என் கடையைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது செல்போனைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் ஒரே சத்தம். மூன்றாம் மாடிக்காரி கூட்டம் கூட்டியிருக்கிறாள். நான் சோப்புப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒட்டுக் கேட்டேன். என் மனைவியும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மாடிக்காரி வாயிலிருந்து வருகிற சொல்லைத்தான் இந்தத் தெரு கேட்கும். 'இனிமேல் அங்கேயே வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டால் என் கதை அன்றோடு முடிந்தது.

"மாசக் கடைசியில கையக் கடிக்குதுன்னு எல்லாரும் சொல்றீங்க. அந்தக் கடையில என்னென்ன வாங்கினீங்க, வெக்கப்படாம எடுத்துக் காட்டுங்க."

டீச்சரம்மா தயங்கித் தயங்கி ஒரு பாட்டிலை எடுத்தார். கார் கண்ணாடி துடைக்கிற திரவம்.

"டீச்சரம்மா, நீங்க பஸ்லதானே போறீங்க?"

"ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மான்னு போட்டிருந்தாங்கம்மா."

"அப்ப மூணா இருக்கு!"

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. அடுத்தது மெக்கானிக். பெரிய பையைத் தூக்கி வைத்தார். நாய் பிஸ்கட்.

"உங்க வீட்ல ஏதுண்ணே நாய்?"

"இல்ல. பாதி விலைக்குப் போட்டிருந்தான்."

"சரி, இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாய் வாங்கிடலாமான்னு வீட்ல பேசிட்டிருக்கோம்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. சிரித்துக் களைத்த குரலில் அவள் சொன்னாள்: "நானும் போனேன். பொய் சொல்லக் கூடாது, பருப்பு அங்க கொஞ்சம் விலை குறைச்சல்தான். ஆனா அந்தப் பருப்ப எடுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள என் வண்டி ரொம்பிப் போச்சு. நானே! எல்லாத்தையும் இருந்த எடத்துலயே வச்சுட்டு வெறும் பையோட வந்தேன். இத்தன நாள் மிச்சம் பிடிச்சதெல்லாம் என் சாமர்த்தியம்னு நினைச்சிட்டிருந்தேன். பாதி நம்ம கீழ்க் கடை அண்ணனோட புண்ணியம்."

நான் பெட்டிகளோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"அவர் என்ன பண்ணாரு?" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணும் பண்ணல, அதான் விசேஷம். 'இது புதுசு, வாங்கிப் பாருங்க'ன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்காரா?"

"கேட்டதையே என்னமோ அவர் சொத்த எழுதிக் கேட்ட மாதிரிதானே தூக்கிக் குடுப்பாரு!" என்றார் டீச்சரம்மா.

"நான் ரெண்டு பல்பு கேட்டேன். 'ஒண்ணுதானே ஃபியூஸ் போச்சு, எதுக்கு ரெண்டு'ன்னு கத்தறாரு!" என்றார் மெக்கானிக்.

"ஆங்! அந்த முகத்தப் பாத்தா கூட ஒரு நிமிஷம் நிக்கத் தோணுமா? வேணுங்கறத மட்டும் வாங்கிட்டு ஓடி வந்துடறோம். அந்த முறைப்பு இருக்கே, அதுதான் நம்ம தெருவோட பெரிய சேமிப்பு. பருப்புல பத்துக் காசு கூடப் போனாலும் போகட்டும், அந்த முறைப்புக்கு அது தகும்!"

என் மனைவி எத்தனை நேரம்தான் அடக்குவாள்? பீறிட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் சாய்ந்ததில் சோப்பு அடுக்கு சரிந்து தடதடவென்று விழுந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சோப்புக் குவியலுக்கு நடுவே நான் திருடன் மாதிரி நிற்கிறேன்.

என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தேன்.

"என்ன கூட்டம் இங்க? வழிய அடைச்சுக்கிட்டு!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா!" என்றாள் மாடிக்காரி. படிக்கட்டே கை தட்டியது.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் வரிசை. ஆளுக்கொரு காலி பாட்டில். டீச்சரம்மா, மெக்கானிக் பெண்சாதி, பேர் தெரியாதவர்கள் கூட இருந்தார்கள். எல்லோருக்கும் கால் பாட்டில், அரை பாட்டில் ஊற்றினேன். இந்த முகத்தை வைத்து ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

வரிசையில் மாடிக்காரியின் முறை வந்தது. பதிலுக்கு நானும் நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதனால் சிரித்தேன்.

பதறிப்போனாள். "ஐயையோ, என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா, சிரிக்கிறேன்."

"கடவுளே, மொதல்ல அத உள்ள வைங்க! நீங்க சிரிச்சா எல்லாரும் நின்னு பேசுவாங்க, நின்னு பேசினா கூட ரெண்டு சாமான் வாங்குவாங்க. தெருவே கெட்டுடும்!"

நான் கடைக்குப் பின்னால் போய்க் காலி நீல ட்ரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினேன். முடிந்த மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"இந்தா. கம்பெனிக்காரன் வேண்டாங்கறான். எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது. எடுத்துட்டுப் போ."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். பளபளவென்று இருந்தது.

"கழுவியிருக்கீங்களே அண்ணே!"

"பின்ன? அடியில மருந்து ஒட்டியிருந்துச்சு, அத வீணாக்க முடியுமா? அந்தத் தண்ணியிலதான் கடை வாசலத் தேய்ச்சேன்."

அவளுக்கு வாயெல்லாம் பல். கண் ஓரம் ஈரமாகவும் இருந்தது, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். புருஷனைக் கூப்பிட்டாள். இருவருமாக ட்ரம்மைத் தூக்கினார்கள். இரண்டு படி ஏறியவள் திரும்பினாள்.

"அண்ணே, வர்ற லீவுக்கு ரயில்ல ஆறு டிக்கெட் எடுக்கறோம். எங்க நாலு பேருக்கு, அப்புறம் உங்களுக்கும் அண்ணிக்கும். காசு அண்ணி எப்பவோ குடுத்துட்டாங்க."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். எல்லாம் அந்தக் காலுறை செய்த வேலை!

"கடைய யாரு பாக்கறது?" என்று கத்தினேன்.

"பூட்டிட்டு வாங்க. நாலு நாளு கடை இல்லாட்டி நாங்க ஒண்ணும் செத்துட மாட்டோம், இருக்கறத வச்சு ஓட்டிக்குவோம்" என்றார் வரிசையிலிருந்த டீச்சரம்மா.

"ஆனா ஒண்ணுண்ணே" என்றாள் அவள் ட்ரம்மைத் தாங்கியபடியே. "அந்தச் சிரிப்ப அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க. அங்க வந்து சிரிங்க. அங்க நாம செலவு பண்ணத்தான் போறோம்!"